நாகலூரார் கைமாத்து 14,000

பாப்பா அஞ்சாவது படிக்கிறா. கார்த்திகை மொத வாரம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி, ஹோம்வொர்க் எல்லாம் அப்பதான ஞாபகத்துக்கு வரும், இங்கிலீஷ் கிராமர் நோட்டைத் தூக்கிட்டு வந்து நின்னா. ஒரு வரில செவப்பு மைல வட்டம் போட்டிருந்துச்சு. "என் பிரெண்டு எனக்கு ரப்பர் கடன் குடுத்தா"ங்கறதை இங்கிலீஷ்ல எழுதச் சொல்லிருக்காங்க, இவ பாரோன்னு போட்டிருக்கா, மிஸ் அதை அடிச்சுட்டு மேல லெண்ட்னு எழுதிருக்காங்க. "ரெண்டும் கடன்தானப்பா, எதுக்கு அடிச்சாங்க?"ன்னா. நான் ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறவன். வாங்கறவனை டெபிட் பண்ணு, குடுக்கறவனை கிரெடிட் பண்ணுங்கற ஒரே மந்திரத்தைச் சொல்லி பதினஞ்சு வருஷமா சோறு திங்கறவன். இதுக்குக் கூடவா பதில் தெரியாது. குடுக்கறவங்க பண்றது லெண்ட், வாங்கறவங்க பண்றது பாரோ, அவ்வளவுதான் சாமி, போய் படுன்னேன்.

அவ விடல. ரப்பர் ஒண்ணுதான, அவ குடுத்ததும் நான் வாங்குனதும் ஒரே நேரத்துல நடந்ததுதான, ஒரு காரியத்துக்கு எதுக்கு ரெண்டு வார்த்தைன்னா. சரி, நாம தமிழ்ல எப்படி சொல்லுவோம்னு திருப்பிக் கேட்டேன், கடன் குடுத்தா, கடன் வாங்குனேன்னு அவளே சொன்னா, சொல்லிட்டு கொஞ்ச நேரம் பென்சிலைக் கடிச்சுட்டு, "அப்ப வெறும் கடன்னா அது குடுக்கறதா, வாங்கறதா?"ன்னு கேட்டா பாருங்க. இதே கேள்வியோட நான் சித்திரையில இருந்து ஐப்பசி வரைக்கும் தூங்காம கெடந்தது அவளுக்குத் தெரியாது.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். இந்த லெண்ட் பாரோ தப்பை நானும் பண்ணிருக்கேன். மொத வேலைல சேந்த புதுசுல மேனேஜருக்கு மெயில் போட்டேன், உங்க கால்குலேட்டரை எனக்கு பாரோ பண்ணுங்கன்னு. அவரு அதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனாரு, மெயிலை பிரிண்ட் வேற எடுத்தாரு. ஆறு மாசம் எனக்கு ஆபீஸ்ல பாரோன்னுதான் பேரு. அந்தக் கடுப்புல நான் தேடித் தேடிப் படிச்சதுல ஒரு ஆறுதல் கெடச்சுது. ஜெர்மன்காரங்களுக்கு லைஹன்னு ஒரே வார்த்தைதான், குடுத்தாலும் அதுதான், வாங்குனாலும் அதுதான், யாருக்கு யார்கிட்ட இருந்துங்கறதை வாக்கியத்துல இருக்கற மத்த வார்த்தைங்க பாத்துக்கும். சீனாக்காரங்களும் ஜியேன்னு ஒரே வார்த்தையை வெச்சு ரெண்டு பக்கமும் சமாளிக்கறாங்க. ஜெர்மன்காரங்க போய்க் குடியேறுன அமெரிக்காப் பகுதிகள்ல இன்னைக்கும் "பென்சிலை எனக்கு பாரோ பண்ணு"ன்னு பேசறவங்க இருக்காங்க. பாரோங்கற வார்த்தையோட பழைய வேரைத் தோண்டுனா பிணை, ஈடுன்னுதான் வருது, அதாவது குடுக்கறவனும் வாங்கறவனும் நடுவுல வெக்கற பொருள். ஆக அந்த வார்த்தை பொறக்கும்போதே ஒரு பக்கமா சாஞ்சு பொறக்கல. அந்த மேனேஜர் இப்ப எங்க இருக்காரோ, இருந்தா இதைப் படிக்கட்டும்.

கடைசிப் பக்கம்

எங்கப்பாவுக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறை. பட்டறைன்னா பெருசா நெனச்சுக்காதீங்க, வீட்டு முன்பக்கம் பத்துக்குப் பன்னெண்டு ரூம்பு, அதுல நாலு பேரு. கம்பி இழுக்கறது, வளையம் கோக்கறது, சலங்கை வெக்கறது, பத்த வெக்கறது, கடைசியா பாலீஷ். அந்தத் தொழில்ல ஒரு விசேஷம் என்னன்னா, கடைக்காரர் கட்டி வெள்ளியைத் தராசுல நிறுத்து குடுப்பாரு, நாம கொலுசாக்கி அதே தராசுல நிறுத்து திருப்பிக் குடுப்போம், சேதாரம் போக கூலி. வெள்ளி நம்ம வீட்டுல பத்து நாள் இருக்கும், ஆனா நம்முது இல்ல. இதை கடன்னும் சொல்ல மாட்டாங்க, இரவல்னும் சொல்ல மாட்டாங்க, விக்கறது வாங்கறதும் இல்ல. "வெள்ளி குடுத்திருக்காங்க"ன்னு மட்டும் சொல்லுவாங்க. நம்ம ஊர்ல பாதிப் பேரு பொழப்பு இந்த மாதிரி அடுத்தவங்க பொருளைக் கையில வெச்சுட்டு ஓடறதுதான்.

அப்பா கணக்குல படு கெட்டி. நீள நோட்டுல எடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு, எத்தனை கிராம், என்ன டச்சு, அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம், எல்லாம் முத்து முத்தா எழுதிருப்பாரு. நான் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடற டேலி எல்லாம் அதுகிட்ட நிக்க முடியாது. ஆனா நோட்டோட கடைசிப் பக்கம் மட்டும் வேற மாதிரி. அதுல பற்றும் கெடையாது வரவும் கெடையாது, கோடே கெடையாது. வெறும் பேரு, "கைமாத்து"ன்னு ஒரு வார்த்தை, ஒரு தொகை. முடிஞ்சதை ஒரு கோடு போட்டு அடிச்சிருப்பாரு.

சித்திரைல அப்பா தவறுனாரு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சப்பறம் நோட்டை எடுத்து வெச்சுட்டு நானும் அம்மாவும் தம்பியும் உக்காந்தோம். கடைசிப் பக்கத்துல அடிக்காம இருந்தது ஒம்போது பேரு. எட்டு பேரு யாரு என்னன்னு அம்மாவுக்குத் தெரியும், இவங்ககிட்ட வாங்குனது, இவங்களுக்குக் குடுத்ததுன்னு விரலை வெச்சு சொல்லீட்டாங்க. ஒம்போதாவதுதான் "நாகலூரார் கைமாத்து 14,000". நாகலூரார்னா ஏற்காட்டுக்கு மேல நாகலூர்ல காப்பித் தோட்டம் வெச்சிருக்கற ஒரு பெரியவர். பொண்ணு கல்யாணத்துக்குக் கொலுசு எடுக்க வந்து அப்பாவுக்குப் பழக்கமானவரு, வருஷா வருஷம் தை மாசம் ஒரு கிலோ மொளகு குடுத்து விடுவாரு. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

"உங்கப்பா யாருகிட்டயும் கை நீட்டாத மனுசன், அவருதான் குடுத்திருப்பாரு"ன்னாங்க அம்மா. அம்மா விரலை வெச்ச அந்த எட்டுல மூணு பேருகிட்ட அப்பா கை நீட்டி வாங்குனதுதான்னு நான் சொல்லிக் காட்டல. தம்பி, தோட்டம் வெச்சிருக்கறவரு எதுக்கு கொலுசுப் பட்டறைல வந்து வாங்கறாரு, நாமதான் வாங்கிருப்போம்னான். சித்தப்பா வந்தாரு, அவரு பங்குக்கு ஒண்ணு சொன்னாரு. அப்பா ஒரு சின்ன வினைச்சொல் போட்டிருந்தா போதும். வாங்குனது, இல்ல குடுத்தது. இங்கிலீஷ்காரன் நோட்டா இருந்தா லெண்ட்னோ பாரோன்னோ எழுதிருப்பான், பிரச்சனையே இல்ல. நான் அன்னைக்கு ராத்திரி அப்பா மேல ரொம்பக் கோவப்பட்டேன். தொகையை அவ்வளவு அழகா எழுதுனவரு, அது எந்தப் பக்கம் போகணும்னு எழுதாம போயிட்டாரேன்னு. மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னா, அவரு குடுத்ததா இருக்கணும். பதினாலாயிரம் வரும்ங்கறதுக்காக மட்டும் இல்ல, அதுக்காகவும்தான்.

கடன்னு நாம சொல்றதுக்குள்ள எத்தனை இருக்குதுன்னு அந்த ஆறு மாசத்துலதான் எண்ணிப் பாத்தேன். வட்டி இருந்தா கடன். வட்டி இல்லாம சீட்டு இல்லாம சாட்சி இல்லாம நாலு நாளைக்கோ நாலு மாசத்துக்கோ வாங்குனா கைமாத்து. குடுத்த அதே பொருளே திரும்பி வரணும்னா இரவல், பக்கத்து வீட்டு ஏணி, கல்யாணத்துக்குப் போட்டுக்கற நகை மாதிரி. பாரோங்கற ஒத்த வார்த்தையில இங்கிலீஷ்காரன் இந்த மூணையும் போட்டு அமுக்கீட்டான், பாங்க்ல வீட்டுக்கு வாங்கற அம்பது லட்சமும் பாரோ, பாப்பாவோட ரப்பரும் பாரோ. அவனுக்கு யாரு பக்கம் இருந்து பாக்கறோம்ங்கறது முக்கியம். நமக்கு என்ன மாதிரி உறவுல அந்தப் பணம் நகருதுங்கறது முக்கியம்னு சொல்லலாமான்னு யோசிச்சேன், அப்பறம் இது கொஞ்சம் நம்மளை நாமே தட்டிக் குடுத்துக்கற மாதிரி இருக்குதேன்னு விட்டுட்டேன். ஏன்னா தண்டல்னும் மீட்டர் வட்டின்னும் கந்து வட்டின்னும் நாள் வட்டின்னும் விதவிதமா பேரு வெச்சதும் நாமதான், 2003ல கவர்மெண்ட்டு கந்து வட்டித் தடைச் சட்டம் போட்டப்ப இந்த ஊர்ப் பேருங்களை எல்லாம் அப்படியே சட்டத்துக்குள்ள எழுத வேண்டியிருந்துச்சு. தண்டல்காரர் வண்டி எங்க தெரு முக்குல திரும்பற சத்தம் கேட்டா பட்டறையில சுத்தியல் சத்தம் நின்னு போகும். அதுக்கு எந்தப் பக்கம்னு யாருக்கும் சந்தேகம் வந்ததில்ல.

அப்பறம் நேர்த்திக்கடன்னு ஒண்ணு, காலைக்கடன்னு ஒண்ணு. ஆடியில கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு வந்து உருளுதண்டம் போடறாங்களே, அவங்க யார்கிட்ட என்ன வாங்குனாங்க? இங்கிலீஷ்லயும் இந்த மாதிரி ஒரு ஒட்டு உண்டு, கடன்பட்டிருக்கேன்னு சொல்ற ஓ (owe)-ங்கற வார்த்தையோட பழைய இறந்தகால வடிவம்தான், செய்யணும்னு சொல்ற ஆட் (ought)-ங்கற வார்த்தை. அவங்க ரெண்டையும் பிரிச்சுட்டு மறந்துட்டாங்க, நாம கடன், கடமைன்னு பக்கத்து பக்கத்துலயே வெச்சிருக்கோம். இதை அம்மாகிட்ட பெருமையா சொன்னேன். அம்மா கீரையை ஆஞ்சுட்டே, "சாமிக்கு வேண்டுனதையே பாக்கி வெக்கக் கூடாதுங்கறாங்க, நீ மனுசங்கடனை வெச்சுட்டு கத பேசிட்டு உக்காந்திருக்க. போயி கேட்டுட்டு வா"ன்னாங்க.

மேல போனது

ஐப்பசில ஒரு சனிக்கிழமை. அம்மா ஒரு மஞ்சப் பையைக் கையில குடுத்தாங்க, உள்ள பதினாலாயிரம். "அவருதான குடுத்தாருன்னு சொன்னீங்க, அப்பறம் எதுக்கு இது?"ன்னேன். "ரெண்டுக்கும் தயாரா போ"ன்னாங்க. வண்டி எடுக்கல, மழை நாளு, பஸ்லதான் போனேன். அடிவாரம் தாண்டுனதும் வளைவு ஆரம்பிச்சுரும், ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டிருப்பாங்க, மொத்தம் 20. ஒவ்வொரு வளைவுலயும் ஒரு வாக்கியம் யோசிச்சேன். "அப்பா உங்களுக்குக் குடுத்தாராங்க"ன்னு கேட்டு அவருதான் குடுத்தவருன்னா, பணம் குடுத்த மனுசனைக் கடன்காரன்னு சொன்ன மாதிரி ஆயிரும். "நாங்க உங்களுக்குத் தரணுமாங்க"ன்னு கேட்டு அவருதான் வாங்குனவருன்னா, பாவம் அவரு எந்த மூஞ்சியோட ஆமா இல்லன்னு சொல்லுவாரு. பன்னெண்டாவது வளைவுல ஒரு கொரங்கு கைப்பிடிச் சுவத்துல உக்காந்து யாரோ போட்ட பொரியைத் தின்னுட்டிருந்துச்சு, அதுக்கு இந்தப் பிரச்சனை இல்ல.

ஏற்காடு ஒண்டிக்கடையில எறங்கி நாகலூர் பஸ் பிடிச்சேன். அவரு வீட்டைக் கண்டுபிடிக்கறது கஷ்டமா இல்ல. சில்வர் ஓக் மரம், அதுல சுத்திக்கிட்டு மொளகுக் கொடி, கீழ காப்பிச் செடியில காய் பாதி பச்சையும் பாதி செவப்புமா. திண்ணைல உக்காந்திருந்தாரு, எம்பது வயசு இருக்கும், தலையில மப்ளர். "கொலுசுக்காரர் பையனா கண்ணு நீயி? அதே நெத்தி"ன்னாரு. சாவுக்கு வர முடியலைன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு, காலு வீங்கிக் கெடந்தாராம். கடுங்காப்பி வந்துச்சு. கொஞ்ச நேரம் மழையைப் பத்திப் பேசினோம். அப்பறம் நான் இருபது வளைவுலயும் யோசிச்சு வெச்ச வாக்கியத்தைச் சொன்னேன்.

"அப்பா நோட்டுல உங்க பேரு இருந்துச்சுங்கய்யா."

"இருக்கும்."

"கைமாத்துன்னு போட்டிருந்தாருங்க."

"ஆமா, அப்பப்ப நடக்கறதுதான."

"பதினாலாயிரம்ங்க."

"ம்."

அவ்வளவுதான். மறுபடியும் காப்பி, மறுபடியும் மழை. அவரு டம்ளரைப் பாக்கறாரு, நான் காப்பிச் செடியைப் பாக்கறேன். நாங்க பேசுன நாலு வரியையும் இப்ப எழுதிப் பாத்தாக்கூட யாரு குடுத்தா யாரு வாங்குனான்னு ஒரு வக்கீலாலயும் கண்டுபிடிக்க முடியாது. இதையே நாங்க ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல பேசிருந்தா, லோன்னு பொத்தாம்பொதுவா சொல்லித் தப்பிச்சாத்தான் உண்டு, வினைச்சொல் போட்டா ஒண்ணு லெண்ட்னு சொல்லணும், இல்ல பாரோன்னு சொல்லணும். எனக்கு அப்பதான் ஒறச்சுது, அவரும் நான் பண்றதையேதான் பண்ணீட்டிருக்காரு. எனக்கு எவ்வளவு தெரியும்னு தெரியாம, செத்துப் போனவரைப் பத்தி மகன் முன்னாடி ஒரு பக்கத்தை எடுத்து வெக்க அவருக்கு வாய் வரல. வழுக்குப் பாறையில ரெண்டு பேரு எதிரெதிரா வந்து, நீங்க மொதல்ல போங்கன்னு நிக்கற மாதிரி நின்னுட்டிருந்தோம்.

"அப்பா ஒண்ணும் சொல்லாம போயிட்டாருங்க. அது அவரு வாங்குனதா, குடுத்ததாங்க?"ன்னு நேராவே கேட்டுட்டேன்.

டம்ளரைக் கீழ வெச்சாரு. "ரெண்டுந்தான்"னாரு.

சில வருஷத்துக்கு முன்னாடி வெள்ளி வெல ஏறி பட்டறை ஓடாத சமயம். அப்பாகிட்ட பாலீஷ் வேலை பண்ண ஒருத்தரோட பையனுக்கு வயித்துல ஆபரேசன். அப்பா கையில காசு இல்ல. அந்த ஆளுக்குத் தண்டல்ல வாங்கிக் குடுக்க மனசு வரல. காலைல மொத பஸ்ஸைப் பிடிச்சு மேல வந்து இருபதாயிரம் வாங்கிட்டு மத்தியானமே எறங்கிட்டாராம். பையன் பொழச்சுக்கிட்டான். அந்த ஆளு ஆயிரம் ரெண்டாயிரம்னு ஆறாயிரம் அடைச்சாரு, அப்பா அதை அப்படியே இங்க கொண்டாந்து குடுத்தாரு. அப்பறம் அந்தக் குடும்பம் திருப்பூருக்குப் போயிருச்சு. "நான் சொன்னேன் கண்ணு, போனாப் போகுது விடுங்க, அது அவனுக்குக் குடுத்ததுதானன்னு. உங்கப்பா கேக்கல. அது எங்கடன்னுட்டாரு."

அப்பா வாங்கவும் செஞ்சாரு, குடுக்கவும் செஞ்சாரு. பத்து நாள் வெள்ளி எங்க வீட்டுல இருந்துட்டுப் போற மாதிரி அந்தப் பணம் அப்பா கையில அரை நாள் இருந்துட்டுப் போயிருக்குது. நானா இருந்தா நோட்டுல ரெண்டு என்ட்ரி போட்டிருப்பேன், ஒண்ணு வர வேண்டியது, ஒண்ணு தர வேண்டியது. அப்பா ஒண்ணுதான் போட்டிருக்காரு. பாலீஷ்காரர் பேரு அந்த நோட்டுல எங்கயும் இல்ல, ஊருக்கு வந்து மறுபடியும் பக்கம் பக்கமா பாத்துட்டேன்.

மஞ்சப் பையை எடுத்து நீட்டுனேன். உண்மையைச் சொல்லணும்னா, வேண்டாம் கண்ணு, வெச்சுக்கன்னு அவரு சொல்லுவாருன்னு ஒரு மூலைல நப்பாசை இருந்துச்சு. அவரு வாங்கி, விரலைத் தொட்டு ரெண்டு தடவை எண்ணி, "சரியா இருக்குது"ன்னு மடிச்சு வேட்டி மடில கட்டிக்கிட்டாரு. எனக்கு முகம் எப்படிப் போச்சோ தெரியல. எண்ணி வாங்கலைன்னா அது தானம் குடுத்த மாதிரி ஆயிருக்கும்னு கீழ எறங்கும்போதுதான் தோணுச்சு. உங்க நோட்டுல அடிச்சிருங்கன்னேன். "எனக்கு எதுக்கு நோட்டு, எழுதி வெச்சா மறந்து போயிரும்"னாரு.

ஒரு விஷயம் இங்க சொல்லணும். தரேன்ங்கறதையும் குடுக்கறேன்ங்கறதையும் நாம இப்ப ஒண்ணாப் போட்டுக் கொழப்பறோம், ஆனா தொல்காப்பியத்துல இதுக்குக் கணக்கு இருக்குது. எனக்கும் உனக்கும் வர்றதா இருந்தா தா, மூணாவது ஆளுக்குப் போறதா இருந்தா கொடு. மலையாளத்துல இன்னைக்கு வரைக்கும் அப்படியேதான் பேசறாங்க, எனக்குத் தா, அவனுக்குக் கொடு. ஆக நமக்கு எந்தப் பக்கம்ங்கற நெனப்பே இல்லைன்னு சொல்ல முடியாது, நாம அதை வேற எடத்துல வெச்சிருந்தோம், வெச்ச எடத்தை மறந்துட்டோம். பாப்பாகிட்ட இதைச் சொன்னேன், அவ பரீட்சைக்கு வருமான்னு கேட்டா. வராதுன்னேன். நோட்டை மூடிட்டா.

அப்பாவோட கடைசிப் பக்கத்துல அந்த வரியை அடிக்கலாம்னு பேனாவை எடுத்தேன். பழக்க தோசம், கீழ தேதி போட்டு "வாங்கினது, தீர்ந்தது"ன்னு எழுதப் போனேன், அப்பறம் வாங்கினதை விட்டுட்டு வெறும் கோடு மட்டும் போட்டேன், அவரு மத்ததை அடிச்சிருக்கற மாதிரியே.

அன்னைக்கு நான் கெளம்பறப்ப மழை பிடிச்சுக்கிச்சு. பெரியவரு உள்ள போயி ஒரு நீளக் கருப்புக் குடையைக் கொண்டாந்து கையில குடுத்தாரு, மரக் கைப்பிடி, அதுல ஏதோ எழுத்து செதுக்கித் தேஞ்சு போயிருந்துச்சு. வேண்டாங்கய்யா, பஸ் ஸ்டாப் பக்கந்தானன்னேன். "எடுத்துட்டுப் போ. ஆனா எனக்கு வேணும் அது, கொண்டாந்து குடுத்துரு"ன்னாரு. போன வாரம் பாப்பா அதைத் தூக்கிட்டு ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கப் போயி, காத்துல திருப்பிக்கிட்டு ஒரு கம்பி விட்டுப் போச்சு. குடை ரிப்பேர்காரர் எங்க தெருப் பக்கம் வெள்ளிக்கிழமைதான் வருவாரு, கம்பியை மாத்திக்கிட்டுத்தான் மேல போகணும்.